மூன்று மூலைச் சதுரம்

அன்பு மகள் வாண்டுக்கு,

உன் கீழே ஒரு அலுவலகமே வேலை செய்தாலும் எனக்கு நீ வாண்டுதான், கோபித்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் தலைவலி, காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் நலம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை. ஆனால் போனில் அதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது, காகிதத்திலாவது உள்ளதைச் சொல்வோம் என்று பார்க்கிறேன். இந்த வீட்டில் எங்கே நின்று போன் பேசினாலும் உன் அம்மாவின் கட்டிலுக்குக் கேட்கிறது. குளியலறைக்குள் போய்க் குசுகுசுவென்று பேசிப் பார்த்தேன், யாரோட அந்த ரகசியம் என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறாள். காதில் மட்டும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் கடிதம். உறையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து உல்லன் நூலில் பின்னிய துண்டு ஒன்று விழுந்திருக்கும். அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன், அதற்குள் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்காதே, மேசைமேல் வைத்துவிட்டுப் படி.

நீ போன் செய்யும்போதெல்லாம் வரட்டுமா அப்பா, வரட்டுமா அப்பா என்று கேட்கிறாய். நானும் இப்போ வேண்டாம்மா, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். அது என் பேச்சு இல்லை, உன் அம்மா பேச்சு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம், நீ அவளை இப்படிப் பார்க்கக் கூடாதாம். வார்த்தை குழறுகிறது என்று போனிலும் உன்னோடு பேச மறுக்கிறாள். அம்மா தூங்குகிறாள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவள் தூங்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது கால் கொஞ்சம் பரவாயில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறாள். கை தான் அப்படியே கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற பெண் தங்கமான பெண், பந்தைக் கொடுத்து அமுக்குங்க அம்மா, அமுக்குங்க என்று கெஞ்சுகிறாள், இவள் பந்தைக் கீழே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். கையை விட மனசு தான் விழுந்துவிட்டது என்று அந்தப் பெண் வாசலில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளதைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது வாண்டு. தூக்கி உட்கார வைத்து, துடைத்து, சமைத்து, ஊட்டி, துணியைத் துவைத்து என்று பெண்டு நிமிர்கிறது. வாஷிங் மெஷின் வேறு அடியில் ஒழுகுகிறது, அதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன். வேலையைக்கூடச் செய்துவிடலாம், செய்து முடித்துவிட்டுத் திரும்பினால் பேச ஆளில்லை, அதுதான் தாங்கவில்லை.

இதற்கு நடுவில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நூலகத்து மாடியில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடி உட்கார்ந்து குரோஷா பின்னுவார்களே, உன் அம்மா விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாளே, அந்தக் கூட்டத்தை நடத்துகிற மேட்ரன் அம்மா ஒருநாள் வந்தார். ஆளாளுக்குச் சின்னச் சின்ன சதுரமாகப் பின்னிக் கொடுப்பார்கள், அதையெல்லாம் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கி, ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், உனக்குத்தான் தெரியுமே. உன் அம்மா ஒத்துக்கொண்ட ஒரு போர்வை பாதியில் நிற்கிறது. நூலும் சதுரமும் இருக்கிற பை கதவுக் கொக்கியில் அவள் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது, நான் அதைத் தொடவில்லை. மேட்ரன் அம்மா பாவம், வருத்தத்தோடுதான் கேட்டார், நீங்க ஓய்வெடுங்க, மீதியை நாங்க வேற யார்கிட்டயாவது கொடுத்து முடிச்சுக்கறோம் என்று. பையை அவர் கையில் எடுத்ததும் உன் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, பையை இருந்த இடத்தில் வைங்க, இந்த வீட்டில் ஒத்துக்கொண்டதை இந்த வீட்டிலேயே முடிப்போம், நான் பின்னித் தருகிறேன் என்று கத்திவிட்டேன். மேட்ரன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் லேத்தில் இரும்பு கடைந்தவன், சட்டைப் பொத்தான் தைக்கக்கூட உன் அம்மாவைக் கூப்பிடுகிறவன்.

அவர் போன பிறகு கொக்கி ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தேன். உன் அம்மா திரும்பவே இல்லை. நான் பாட்டுக்கு நூலை ஊசியில் சுற்றினேன், அவிழ்த்தேன், சுற்றினேன், கடைசியில் என் சட்டைப் பொத்தானையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். அப்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்தாள். பொறுக்கவில்லை அவளுக்கு. இங்கே கொடுங்க என்று குழறிக்கொண்டே ஊசியை வாங்கி, நூலை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முதல் வளையம் எப்படி, சங்கிலி எப்படி, மூன்று குத்தும் ஒரு இடைவெளியும் எப்படி என்று மெதுவாகக் காட்டினாள். ஒரு தடவைதான் காட்டினாள், அதற்குள் களைத்துக் கண்ணை மூடிவிட்டாள். எனக்கு அது போதும். லேத்தில் நான் வேலை கற்றதே அப்படித்தான், காட்டித் தருகிறவர் கை எங்கே போகிறதோ அங்கே என் கை, ஏன் எதற்கு என்று கேள்வி கிடையாது.

அந்தச் சதுரங்களைப் பின்னுவதற்குள் கண்முழி பிதுங்கிவிட்டது. சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு வரிசை, துணி காயும் நேரத்தில் ஒரு வரிசை. முதல் சதுரம் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது, நட்டு முறுக்குகிற மாதிரி நூலை இழுத்திருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை மேல போடறதா இல்லை டீ கிளாஸுக்கு அடியில வைக்கறதா என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லேத்தில் அளவெடுக்கிற பழைய வெர்னியர் கருவியைத் தேடி எடுத்து அவள் பின்னிய சதுரத்தை அளந்து, என்னுடையதையும் அளந்து, அளவு வருகிறவரை பிரித்துப் பிரித்துப் போட்டேன். அவளும் படுத்தபடியே கவனிக்க ஆரம்பித்தாள். மூலையில இடைவெளி விடல பாருங்க, ஒண்ணு குறையுது பாருங்க என்று அதிகாரம். அதிகாரம் என்றால் அவள் பேச்சு கொஞ்சம் தெளிவாகக்கூட வருகிறது, இதை அந்தப் பயிற்சிப் பெண்ணிடமும் சொன்னேன்.

சதுரமெல்லாம் முடிந்ததும் மேட்ரன் அம்மா வந்தார். கட்டில் மேலேயே விரித்து, உன் அம்மா முன்பு போட்டதையும் நான் போட்டதையும் வரிசையாக அடுக்கினார். அடுக்கிவிட்டுக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்ன சார், உங்களோடது எல்லாம் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு, நீங்க இடதுகைக்காரரா என்று கேட்டார். இல்லையே, வலதுகைதான் என்றேன். அப்போ ஊசியை எந்தக் கையில பிடிச்சீங்க என்றார். இடது கையில்தான், இவள் அப்படித்தானே காட்டினாள், இடது கையில் பிடிப்பதுதானே முறை என்றேன். வாண்டு, வலது கை விழுந்தவள் வேறு எந்தக் கையால் காட்டுவாள்? இவ்வளவு வருஷம் என் கண்ணெதிரே உட்கார்ந்து பின்னியவள் ஊசியை எந்தக் கையில் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவள் இடது கையால் தடுமாறித் தடுமாறிக் காட்டியதை நான் பாடம் என்று பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாக அத்தனையையும் பின்னியிருக்கிறேன். சரி, பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொல்லியிருக்கலாமே என்றால், லேத்தில் அடிபட்ட என் வலது ஆள்காட்டி விரல் மடங்காது அல்லவா, அதனால்தான் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன் என்று அவள் நினைத்தாளாம். சொன்னால் என் மனசு சங்கடப்படும் என்று பேசாமல் இருந்தாளாம்.

நான் அசடு வழிய நிற்கிறேன், உன் அம்மா சிரிக்கிறாள். முதலில் இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். சிரிப்புதான். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட விடாமல் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. மேட்ரன் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், குழந்தைக்குத் திசையா தெரியப் போகுது, கதகதப்பா இருந்தா போதும் என்று சொல்லி, என்னுடையதையெல்லாம் ஒரே பக்கமாக வைத்துத் தைத்துவிடுவதாக எடுத்துக்கொண்டு போனார். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

மறுநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அந்த ஊசியைக் கொடுங்க என்றாள். எதற்கு என்றேன். கை நல்லா இருக்கிற நீங்களே இடது கையால போட்டுட்டீங்க, எனக்கென்ன கேடு என்றாள். முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். வலது கையைத் தானே இடது கையால் தூக்கி மடியில் வைத்து, அதன் கீழே நூலை அழுத்திக்கொண்டு, இடது கையால் ஊசியை நுழைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கொடுமை. ஒரு குத்துக்கு மூன்று தடவை நழுவுகிறது. நான் கை நீட்டினேன், அந்தப் பக்கம் போங்க என்று ஒரு அதட்டல். பாதியில் சுருட்டி எறிந்துவிட்டாள், அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை, சாப்பாடும் வேண்டாம் என்று ஒரே ரகளை. மறுநாள் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்ததை எடுத்துத் தரச் சொன்னாள். எறிந்து, எடுத்து, எறிந்து, எடுத்து, குனிந்து எடுத்தே என் இடுப்பு போய்விட்டது. அப்படி வந்ததுதான் உன் கையில் இருக்கிறது. சதுரம் என்று பெயர், எண்ணிப் பார், மூன்று மூலைதான் இருக்கும். நாலாவதுக்கு வருவதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

இதை மேட்ரன் அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றேன், முடிச்சு குழந்தையை உறுத்தும், வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் அதை விரலால் நீவிக்கொண்டே இருந்துவிட்டு, வாண்டுக்கு அனுப்புங்க என்றாள். என் கை எப்படி இருக்குன்னு அவளும் பார்க்கட்டும், பார்த்துட்டு அழாம வர்றதுன்னா வரட்டும். இதுதான் அவள் சொன்னது, நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

அழாமல் வா என்கிறாள், அது உன்னால் ஆகாது, எனக்குத் தெரியும். அழுவதை விமானத்திலேயே அழுது முடித்துவிட்டு வா. அவளுக்காக மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கிறேன். இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றவன் இப்போது கேட்கிறேன், வாம்மா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அவரைத் தொந்தரவு பண்ணாதே, நீ மட்டும் வந்தால் போதும். நான்கு நாள் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ஒரு மத்தியானமாவது கால் நீட்டித் தூங்குவேன். வருவதற்குள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கை கால் சுகத்தோடு, ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ வேண்டும். கை கால் சுகம் என்று முன்பெல்லாம் சும்மா எழுதுவேன், இப்போது தெரிந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் இடதுகை அப்பா

மறந்துவிடாதே: அந்தத் துண்டின் நூல் நுனியை இழுத்துவிடாதே, அத்தனையும் பிரிந்துவிடும். நான் முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்றேன், உன் அம்மா விடவில்லை. வரும்போது பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வரச் சொன்னாள். இன்னும் ஒரு மூலை பாக்கியாம், அதை நீ பார்க்கப் போடுவாளாம்.