வெண்ணெய் பிஸ்கட்டில் நாற்பது கவுன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க உங்கம்மாவோட வலது கையைத் தவிர மத்ததெல்லாம் சுகம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூணு பேரும் நல்லா இருக்கணும், அதுல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. மத்ததுல இருக்கு. போன்ல சொல்ல முடியாது, உங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பா, அதான் தையல் கடையில உக்காந்து எழுதுறேன்.

பாப்பா பிறந்தநாளுக்கு நான் கொண்டுவந்த டப்பா பத்தித்தான். அதை நீ திறந்தே பாக்கல, அதனால உள்ள என்ன இருந்துச்சுன்னு நானே சொல்றேன். நாற்பது வெண்ணெய் பிஸ்கட், ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கவுன். அட்டையில மாதிரி வெட்டிக் குடுத்தது நான். இத்தனை வருஷம் துணி வெட்டின கை சும்மா இருக்குமா, பழக்கதோஷத்துல சுத்தியும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டிட்டேன். ஓவன்ல மாவும் கொஞ்சம் விரிஞ்சு, எல்லாக் கவுனும் குண்டா வந்துச்சு. மாவை எங்க வச்சுத் தைக்கப் போறீங்கன்னு கேட்டு உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. பக்கவாதம் வந்த பிறகு அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. வலது கை வரலன்னு இடது கையால ஐசிங் பையைப் பிழிஞ்சா. முதல்ல கோடெல்லாம் புழு மாதிரி நெளிஞ்சுது, வழிச்சுப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சா. ஒன்பது நாள் பழகினா. ஒவ்வொரு கவுனுக்கும் ஒரு காலர், மூணு பொத்தான், இடுப்புல ரிப்பன். ஈரத்தோட அடுக்கினா ஒட்டிக்கும்னு ஒரு நாள் பூரா ஃபேனுக்குக் கீழ காய வச்சு, நடுநடுவுல பேப்பர் போட்டு, நூலால கட்டிக் குடுத்தா. பதினாலு மணி நேரம் ரயில்ல அதை நான் மடியை விட்டு இறக்கல.

நீ என்ன பண்ணின? இந்தத் தடவை எல்லாம் ஒரே கலர்ல ஆர்டர் பண்ணியாச்சுப்பா, இதை அப்புறமா வைக்கிறேன்னு சொல்லி ஷூ ஸ்டாண்டு மேல வச்ச. அந்த அப்புறம் வரவே இல்ல. மேசையில கடை பிஸ்கட் தங்கக் கலர்ல மினுமினுன்னு இருந்துச்சு, வந்தவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. நானும் ஒண்ணு தின்னேன், துணியில கோடு போடுற என் சாக்பீஸே தேவலாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி உன்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன். மறுநாள் கிளம்பும்போது டப்பா அதே இடத்துல, உங்கம்மா போட்ட முடிச்சு அவிழாம, மேல யாரோட சாக்ஸோ கிடந்துச்சு. எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். டப்பா எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நீ கேக்கல. திரும்பி வரும்போது மடியில வச்சுக்கத் தோணல, சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன். அதுல பதினொண்ணு உடைஞ்சு போச்சு.

உங்கம்மாகிட்ட, மேசைக்கு நடுவுல வச்சாங்க, ஒண்ணு மிச்சமில்லன்னு சொல்லிட்டேன். இந்த வயசுல பொய். இப்ப அந்த மேசை போட்டோ எங்கன்னு தினமும் என் உயிரை எடுக்கிறா. உன்கிட்ட கேட்டா போன் ரிப்பேர்னு சொல்றியாம். அவ நம்புறா பாரு, அதான் கொடுமை. இனிமே நான் எதுக்கு ஆவேன்னு சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தவ, அடுத்த வருஷத்துக்கு யானை வெட்டிக் குடுங்கன்னு இப்பவே அட்டையைத் தூக்கிட்டு வர்றா. விஷயம் தெரிஞ்சா மறுபடி படுத்துடுவா.

அதனால இதோட ஒரு போட்டோ வச்சிருக்கேன். உடையாததை எல்லாம் துணி வெட்டுற மேசை மேல வெள்ளைத் துணி விரிச்சு அடுக்கி, பின்னாடி நாலு பலூன் கட்டி, பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்னேன். உன் போன்ல அதைப் படம் பிடிச்சு நீயே எடுத்த மாதிரி அம்மாவுக்கு அனுப்பு. மீதி இன்னொரு தட்டுல இருந்துச்சுன்னு சொல்லு. மன்னிப்பு கின்னிப்பு எனக்கு வேண்டாம், இதை மட்டும் செய். கவுன் குண்டா இருக்கேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாத, அது என் தப்பு.

எங்க இருந்தாலும் நோய்நொடி இல்லாம இருங்க, கோபத்துலயும் மனசாரத்தான் சொல்றேன். பாப்பாவுக்கு என் முத்தம். ஒண்ணு மறந்துடாத, படத்துல கடைசி வரிசையில ஒரு கவுன் இடம் காலியா இருக்கும். யாரு எடுத்தாங்கன்னு உங்கம்மா கட்டாயம் கேப்பா. பாப்பாதான் எடுத்துச்சுன்னு சொல்லிடு. தின்னது நான். ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா