முள் தெரியாத மீட்டர்

மார்ச் 4, புதன்

காலையில் சோப்பு தீர்ந்தது, மதியம் பேனா மை தீர்ந்தது, சாயந்திரம் என் பொறுமை தீர்ந்தது. லேபில் அத்தனை கூட்டம். ரத்தம் எடுக்கிற பெண் (நாங்கள் அவளை ‘சிரிஞ்சு’ என்றுதான் கூப்பிடுவோம், அவளே அப்படித்தான் போன் எடுக்கிறாள்) கடைசி ஆளை அனுப்பிவிட்டு நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டாள். நான் மைக்ரோஸ்கோப்பை மூடி உறை போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வரும் வழியில் காரின் வேக மீட்டரில் முள் சரியாகத் தெரியவில்லை. விளக்கு எரிகிறது, ஆனால் மேலே யாரோ துணி போட்டு மூடின மாதிரி. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்படியேதான் இருந்தது. களைப்பாக இருக்கும்.

மார்ச் 5, வியாழன்

இன்றும். கிளம்பும்போது பளிச்சென்று இருந்தது, பாலம் தாண்டினதும் மங்கல்.

மார்ச் 6, வெள்ளி

எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சொன்னதும் இதேதான். “டாஷ்போர்டு லைட் மங்கலா இருக்கு.” வாரத்துக்கு ஒரு முறை சொல்வார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். “பல்ப் நல்லாத்தானே எரியுது சார்” என்று திருப்பி அனுப்பினான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். “அவனுக்கு ஒரு மண்ணும் தெரியல” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து பல்பையெல்லாம் மாற்றினார். கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மறுபடியும் மங்கல். கடைசியில் தெரிந்தது, மங்கினது விளக்கு இல்லை, அவர் கண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. இப்போது மிச்சமிருப்பது நடுவில் ஒரு வட்டம். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்பார்.

சாவியை என் கையில் கொடுத்த நாளிலிருந்து அவர் பின்சீட்டில்தான் உட்காருகிறார். “முன்னாடி உட்கார்ந்தா கால் பிரேக்கைத் தேடுது” என்றார். அவர் முதலாளி, நான் டிரைவர் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

இந்த வீட்டில் மிச்சமிருப்பது என் கண்கள்தான். வண்டி ஓட்டுவது அவை, சம்பாதிப்பது அவை, மூன்று வேளையும் அவர் கண்ணில் சொட்டு மருந்து விடுவதும் அவைதான்.

மார்ச் 9, திங்கள்

காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் படித்தேன். பிறகு இன்னொரு கண்ணை மூடிப் படித்தேன்.

“காலங்காத்தால யாரைப் பார்த்துக் கண்ணடிக்கறே?” என்றார். சிரித்தேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 10, செவ்வாய்

மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு ரத்த அணுவும் ஓரம் பிசகாமல் தெரிகிறது. அப்படியென்றால் கண் நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் அவரும் கடைசி வரை செய்தித்தாளில் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். கொட்டகையின் இருட்டு மூலையில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டுப் பார்த்தான்.

“பல்ப் நல்லாத்தானே எரியுது அக்கா!”

அதே வாக்கியம். சார் போய் அக்கா வந்திருக்கிறது, அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என்னத்துக்கு நன்றியோ.

மார்ச் 11, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். 26ஆம் தேதிதான் இடம் இருக்கிறதாம்.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்றது? ஏற்கனவே தன்னால எனக்குக் கஷ்டம்னு உள்ளுக்குள்ள குமையற மனுஷன். ஒரே வீட்ல ரெண்டு பேருக்குமா வரணும்? எனக்கும் போச்சுன்னா அவர் கையை யாரு பிடிப்பா, என் கையை யாரு பிடிப்பா? ரெண்டு பேரும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டியதுதான்—

போதும். தூங்கு.

மார்ச் 15, ஞாயிறு

“நாளையிலிருந்து நடந்தே வேலைக்குப் போகலாம்னு பார்க்கறேன், உடம்புக்கு நல்லது” என்றேன்.

“ஒம்பது கிலோமீட்டரா?” என்றார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாத்தனார் இரண்டு வாரம் தங்க வந்திருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு எங்கள் வண்டியைக் கண்டாலே ஆகாது. கதவு கிறீச்சிடுகிறது, சீட்டு குத்துகிறது, ஜன்னல் பாதியில் நிற்கிறது. ஏறினதிலிருந்து அர்ச்சனைதான். இருட்டிக்கொண்டு வந்தது. பாலம் தாண்டினோம். மீட்டர் மங்க ஆரம்பித்தது. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற லாரியின் பின்விளக்கையே பார்த்து ஓட்டினேன்.

“என்ன அண்ணி இது, மீட்டர்ல லைட்டே இல்ல! எவ்வளவு வேகத்துல போறோம்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?”

வண்டியை ஓரம் கட்டினேன்.

“என்ன சொன்னே?”

“லைட் இல்லன்னேன். ஒண்ணுமே தெரியல.”

“உனக்குமா தெரியல?”

“தெரிஞ்சா ஏன் கேக்கறேன்? கும்மிருட்டா இருக்கு. இந்த டப்பாவை வித்துத் தொலைங்கன்னு எத்தனை வாட்டி...”

“இன்னொரு தடவை சொல்லு.”

“டப்பாவை வித்து...”

“அது இல்ல. அதுக்கு முன்னாடி சொன்னது.”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் மடியில் இருந்த பை சரிந்து ஆரஞ்சுகள் காலடியில் உருண்டன. நாத்தனார் குறை சொன்னதற்காக இப்படிச் சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணா, அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு!”

அப்புறம் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

நேற்று நான் சொல்லி முடித்ததும் அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இத்தனை நாளா இதைத் தனியாவா வெச்சிருந்தே?”

“உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு...”

“எனக்குத்தான் கண்ணு தெரியாது. காதுமா கேக்காது?”

அப்புறம் கேட்டார்: “என் ஸ்க்ரூ டிரைவர் டப்பா எங்க?”

இரண்டு வருஷமாக அவர் அதைக் கேட்டதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்தோம். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றச் சொன்னார். டிரைவர் சீட்டில் அவர், பக்கத்தில் டார்ச்சோடு நான். முதல் ஐந்து நிமிஷம் சண்டை. நான் டார்ச்சை அவர் தலைக்குப் பின்னால் பிடித்து நிழல் விழவைத்தேனாம். “வெளிச்சத்தை வேலைக்குக் காட்டு, என் தலைக்கு எதுக்கு?” என்று சிடுசிடுத்தார். அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! சந்தோஷமாகத் திட்டு வாங்கினேன்.

மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பதற்குள் அவர் விரல் போய்விடும். கழன்று விழுகிற ஸ்க்ரூவைத் தேடுவது என் வேலை. பின்னால் கையை விட்டு மீட்டரின் கேபிளைத் தடவிக் கண்டுபிடித்து, ஏதோ ஒரு பிடியை அழுத்தினார். மீட்டர் முழுசாக மடியில் வந்து விழுந்தது.

முதலில் மோந்து பார்த்தார். “கருகியிருக்கு.”

பின்பக்கம் பல்புகள் ஒவ்வொன்றும் ஹோல்டர் மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழில் சொருகியிருந்தன. ஒன்றைத் திருகி எடுத்தேன். குமிழ் உருகி வாய் கோணியிருந்தது, பல்பு உள்ளே ஆடியது.

“பல்பு மேல என்ன போட்டிருக்கு, படி.”

“அஞ்சு வாட்.”

அவர் கை அப்படியே நின்றது.

“இங்க மூணு வாட்தான் இருக்கணும்” என்றார். “இது நான் போட்டது.”

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பல்பாகப் போட்டிருக்கிறார். அதன் சூட்டில் குமிழ்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, இப்போது விளக்கு போட்டு வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறினால் பிடி விட்டுப்போகிறது. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. மெக்கானிக்கிடம் நான் போனது பகலில், விளக்கு போடாமல்; அவன் பார்த்தபோது அது ஆறியிருந்தது.

“கண்ணு மங்கினதுக்குப் பல்பை மாத்தினேன். அந்தப் பல்பு இப்ப உன்னைப் பயமுறுத்தியிருக்கு” என்றார்.

“பல்புதானே? கண்ணு இல்லையே! போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கேன், பல்போட போச்சு” என்றேன். முதலில் நான் சிரித்தேன், பிறகு அவரும் சிரித்தார். கருகின குமிழைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அதை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “சூடானா மட்டும் விடும்க்கா. நான் ஸ்டார்ட் பண்ண உடனே பார்த்து அனுப்பிட்டேன், தப்புதான்.” பிரித்துப் போட்டிருந்த இதே மாடல் வண்டியிலிருந்து நல்ல குமிழ்களும் மூணு வாட் பல்புகளும் எடுத்துக் கொடுத்தான். “சாரே பிரிச்சாரா?” என்று இரண்டு தடவை கேட்டான். “சாரேதான்” என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

மீட்டரின் பின்னால் மின்சாரம் ஓடுகிற செம்புக் கோடுகள் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தது. எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. “மிஞ்சாட்டாத்தான் ஆச்சரியம்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நடுமதியம். விளக்கைப் போட்டால் எப்படித் தெரியும்? பூப்போட்ட படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து டாஷ்போர்டின் மேலிருந்து எங்கள் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டோம். சாவியைத் திருப்பினேன்.

பச்சையாக எரிந்தது. முள், எண்கள், பெட்ரோல் மீட்டரின் ஓரத்தில் இருக்கிற துளிப் படம் வரைக்கும்.

“தெரியுதா?” என்றார்.

“தெரியுது. உங்களுக்கு?”

தலையை மெதுவாக அசைத்து அசைத்து அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தார். “முள் தெரியுது” என்றார்.

சூடேறினாலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அரை மணி நேரம் போல விரிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வியர்த்து வழிந்தது. நாத்தனார் காபி கொண்டுவந்தவள் வெளியே நின்று, “அண்ணா, உங்களுக்கு வயசு என்ன ஆகுது? தெருவே பார்க்குது!” என்று கத்தினாள். “நீ காபியை உள்ள நீட்டு” என்றார் இவர்.

விரிப்புக்குள் இருந்தபோது ஒன்று சொன்னார். “நீ நல்லா வண்டி ஓட்டறே. நான் சொன்னதே இல்ல. சொன்னா, நான் இனிமே ஓட்ட மாட்டேன்னு ஆயிடும்னு சொல்லல.”

விளக்கு மங்கவே இல்லை.

எனக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கு, நாத்தனார் வாய்க்கு, மெக்கானிக்குக்கு, ஏன், அந்த அஞ்சு வாட் பல்புக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 26, வியாழன்

“விளக்குதான் சரியாயிடுச்சே, ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றேன். “நானும் அப்படி நினைச்சுத்தான் தள்ளிப் போட்டேன்” என்றார். வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

டாக்டர் அம்மா எல்லாம் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, படிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள் என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தேன், மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

சோதனைக்கு விட்ட மருந்தில் எனக்குக் கண் கூசி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. படியில் தடுமாறினேன். அவர்தான் என் முழங்கையைப் பிடித்து, “இதோ படி... இன்னொண்ணு... இப்ப சமதரை” என்று வாடகைக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். சரியாகத் தெரியாமல் நடப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நாத்தனார் ஊருக்குப் போனாள். ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட்டுவிட்டு, அவருக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வழியெல்லாம் நச்சரிப்பு. “எவ்வளவு போறே?” “நாற்பது.” “இப்ப?” “நாற்பத்திரண்டு.” “பாலம் வந்துடுச்சா?” “தாண்டியாச்சு.” “மங்கலா?” “இல்ல.”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் கால் தரை விரிப்பை ஓங்கி அழுத்தியது. என் கால் பிரேக்கை அழுத்தியது. வண்டி கோட்டுக்கு முன்னால் குலுங்காமல் நின்றது.

“பார்த்தியா, எப்படி நிறுத்தினேன்!” என்றார்.