கிழிந்ததென்று ஒதுக்கிய ஸ்லைடுகள்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், போன கடிதத்தில் ஒப்புக்கு எழுதின நலம் இல்லை, நிஜமாகவே நலம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் என் குரல்தானே கேட்கும், கையெழுத்தை நீ பார்க்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நன்றாகப் பார்த்துக்கொள், ஒரு எழுத்தாவது நடுங்கியிருக்கிறதா?

ஆறு வாரமாக உனக்கும் அப்பாவுக்கும் என் கையைப் பற்றித்தான் கவலை. எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தாடை மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு பிறப்பதற்கு முன்னால் எப்படி உருவாகிறது என்று எங்கள் டாக்டரம்மா ஆராய்வது உனக்குத் தெரியும். பிறக்காத எலிக்குட்டிகளின் தாடையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாகச் சீவுகிறேன். இந்தத் தடவை, பிறக்க ஒரு நாளே இருந்த குட்டிகளின் துண்டுகளில் மட்டும் மூட்டுக்குள் ஒரு வெள்ளைக் கீறல். கத்தியை மாற்றினேன், மெழுகை மாற்றினேன், அப்படியும் அதே கீறல். சரி, கை நடுங்கி நான்தான் கிழிக்கிறேன், கை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஸ்லைடுகளை ஒரு பெட்டியில் போட்டு அலமாரிக்குள் மறைத்துவிட்டு, கடைசி நாள் குட்டிகளுடையது இன்னும் தயாராகவில்லை என்று டாக்டரம்மாவிடம் சாக்குச் சொல்லி வந்தேன். வீட்டில் உன் அப்பாவோ, நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் தம்ளரைச் சுற்றி மேசையைத் தடவிப் பார்ப்பார், சிந்தியிருக்கிறதா என்று. துப்பறிகிறாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை ராஜினாமாக் கடிதத்தையும் அந்தப் பெட்டியையும் சேர்த்தே டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். பொய் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கடைசியில், "இதைக் கிழிசல்னு யாரும்மா சொன்னது?" என்றார். நான்தான் என்றேன். என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார். கிழிந்த இடமென்றால் ஓரம் பிசிறடிக்கும், அறுந்த நார் தொங்கும். இங்கே ஓரம் வழவழவென்று இருக்கிறது, அதை ஒட்டி செல்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. மூட்டு அசைவதற்கான இடைவெளி அப்போதுதான் திறக்கிறதாம், அவர் தேடும் சவ்வும் அந்த ஓரத்தில்தான் தொடங்குகிறதாம். இத்தனை நாள் அவர் காத்துக்கிடந்தது என் அலமாரியில் இருந்திருக்கிறது! "இது நீங்க கிழிச்சதில்லம்மா, அதுவா திறந்தது. கை நடுங்கினா எல்லாத்துலயும் ஒரே இடத்துலயா நடுங்கும்?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆறு வாரத்தை வீணாக்கியதற்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், அது நியாயம்தான். நாற்பது ஸ்லைடில் இரண்டு மட்டும் நிஜமாகவே நான் கிழித்தது, அதையும் விடாமல் காட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். மேசையைத் தடவின மனுஷர் பேசுகிற பேச்சைப் பார்! ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட்டார், அவருக்கும் ஆறு வாரமாகச் சோறு இறங்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லீவு போட்டு வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, பார்த்துக்கொள்ள வர வேண்டாம், சும்மா பார்க்க வா. கொட்டாவி விட்டால் உன் தாடையில் டக்கென்று சத்தம் வருகிறது என்றாய், அதை அப்படியே விடாதே. பேனா மூடியைக் கடிக்கிற பழக்கத்தை நிறுத்து, இந்த வாரமே பல் டாக்டரிடம் போ. ஒன்றுமில்லை என்று அவர் சொல்லட்டும், நீயாகச் சொல்லிக்கொள்ளாதே. நான் ஒளித்துவைத்துப் பட்டது போதும்.

உடம்பும் மனசும் தெம்பாக இரு கண்ணு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். மறக்காமல் இந்தத் தாளைத் திருப்பிப் பார், பின்னால் இருப்பது என் ராஜினாமா. "பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, உருப்படியா எதையாவது எழுதுங்க" என்று டாக்டரம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கையெழுத்துதான் நடுங்கியிருக்கிறது.

உன் பிரியமுள்ள,
அம்மா