பதினோரு குருத்தோலைச் சிலுவைகள்

மருமகளே,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. போன வாரம் ஆவூருக்கு வந்து என் வீட்டைச் சுத்தம் செய்தபோது, "மாமா எல்லாத்தையும் அக்யூமுலேட் பண்ணி வச்சிருக்காரு" என்று போனில் உன் வீட்டுக்காரரிடம் சிரித்தாயே, அந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்துவிட்டேன்.

எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் லத்தீன் பூசையில் பிஷப்பையே திருத்தியவன் நான். குமுலுஸ் என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது அது. குமுலுஸ் என்றால் குவியல். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குவிவது என்று பொருள். அதற்கு அகராதிக்காரன் கொடுத்திருக்கும் உதாரணம் என்ன தெரியுமா? அலமாரியில் படியும் தூசி!

என் குருத்தோலைச் சிலுவைகள் தூசியா? பதினொன்றும் தானாகவா வந்து சேர்ந்தன? குருத்தோலை ஞாயிறுதோறும் ஒன்றாக என் தங்கை, உன் அம்மா, முடைந்து, "இந்தாங்கண்ணே, தலைமாட்டுல வைங்க" என்று தந்தவை. கடைசிச் சிலுவையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து முடைந்தாள். சாம்பல் புதனுக்கு எரிக்கப் பழைய ஓலை கேட்டார்கள் என்று, அத்தனையையும் கோயில் சாக்கில் போட்டுவிட்டாயே. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

புதனன்று சாமியார் அந்தச் சாம்பலை என் நெற்றியில் பூசினார். இன்று சனிக்கிழமை. தெருவே பார்த்துச் சிரிக்கிறது. நான் இன்னும் முகம் கழுவவில்லை.

ஆறாத கோபத்தோடு,
உன் தாய்மாமன்