துப்பாக்கி வரிசைக்கு முன்னால் ஓடியவனுக்கு

பபேடான், ரங்கூன்
19 ஜூலை 2004

அன்பு மகன் ரிஹானுக்கு உம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் இங்கே நான், வாப்பா, தங்கச்சி ஷிரின் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரியைத்தான் நான் நம்பவில்லை. தொப்பியில் நாலு ஓட்டை விழுந்த கதையை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைக்கிறவன் முதல் பக்கத்தில் எழுதும் சுகத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது. உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். நேற்று ஒருவர் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கேட்டதற்கு ஊதாவை மடித்துக் கொடுத்துவிட்டேன், அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அது வேறு விஷயம்.

இங்கே மழை விட்டபாடில்லை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் இறங்கிய என் துணி மூட்டைகளில் இரண்டு நனைந்துவிட்டன, மொட்டை மாடியில் காயப் போடலாம் என்றால் வெயில் கால் மணி நேரம் முகம் காட்டிவிட்டு ஓடிவிடுகிறது. மின்சாரம் ஒருநாள் வந்தால் ஒருநாள் இல்லை. வாப்பாவுக்கு முழங்கால் வலி, கேட்டால் இல்லை என்பார், மாடிப்படியில் பாதியில் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தையெல்லாம் படிப்பார். ஷிரின் பர்மாக்காரப் பிள்ளைகளோடு படித்துத் தமிழை அரைகுறையாக்கிக்கொண்டு வருகிறாள், இருந்தாலும் உன் கடிதத்தை எனக்கு முன்னால் படித்து முடித்தவள் அவள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நீ படிக்கும் கல்லூரி நடத்தும் கோடை முகாமில் பிள்ளைகளுக்குப் பறவை வேட்டை கற்றுக்கொடுக்கிறேன் என்று மே மாதம் நீ எழுதியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. வேலை நேர்மையானது, சாப்பாடும் தங்க இடமும் தருகிறார்கள் என்றாய், சரி என்று விட்டேன். ஆனால் சுட்ட பறவையைத்தான் இரவுச் சாப்பாட்டுக்குச் சமைப்பார்கள் என்று படித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. நாய் வாய் வைக்கும் முன்னே ஓடு, உயிர் இருக்கும்போதே எடு, பிஸ்மில்லாஹ் சொல்லி நீயே அறு, நாய் நக்கிவிட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மகன் ஹராம் தின்னக் கூடாது என்ற கவலை எனக்கு. மலைச்சரிவுப் புல்லில் பிள்ளைகள் வரிசையாகத் துப்பாக்கியோடு நடப்பார்கள் என்பதும், எல்லாரும் தோட்டாவை வெளியே எடுக்கும் வரை வரிசைக்கு முன்னால் ஒரு காலும் போகக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தினமும் காலையில் அந்தச் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நீதான். கௌதாரி விழுந்து இறக்கையை அடித்துக்கொண்டது, நாய் பாய்ந்தது, நீ உம்மா சொன்னாள் என்று கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாய். அதே நேரத்தில் புல்லிலிருந்து இன்னொரு கௌதாரி எழும்ப, அந்த டெஸ்ஸா என்ற பதின்மூன்று வயசுப் பிள்ளை அதைக் குறிபார்த்துக் குழலைத் திருப்ப, நடுவில் உன் தலை, குழல் மேலே எகிறி வெடித்தது என்று எழுதியிருக்கிறாய்.

முகாம் தலைவர் தூரத்தில் நின்று கண்டதெல்லாம் வெடிச்சத்தமும் உன் தொப்பி பறந்ததும்தான். கவனமில்லாமல் சுட்டாள் என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, முகாம் முடியும் மட்டும் நாய்க்கூடு கழுவு என்று விட்டுவிட்டார். நீ பேசாமல் நின்றாய். வேலை போய்விடும், கல்லூரி தரும் உதவிப்பணமும் போய்விடும் என்று பயம். அந்தப் பிள்ளையும் மறுக்கவில்லை, என் தப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் உன் எழுத்து கோணியிருக்கிறது.

உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் எனக்குத் தோன்றியதும் உனக்குத் தோன்றியதுதான். வாப்பா படித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஊருல நம்ம புள்ள வாயத் தொறக்கவே வேணாம், படிப்பு முடியட்டும்னு எழுது என்றார். நானும் அப்படியே எழுதி, இங்கே தபாலை நம்ப முடியாதென்று, பாங்காக்குக்குப் போகும் வியாபாரி பீர் முகைதீனிடம் அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஷிரின் சோறு தின்றுகொண்டே, உம்மா, அந்தப் புள்ள நேரா சுட்டிருந்தா ரிஹான் காக்கா இப்ப இல்லதானே, மேல தூக்குனதாலதானே தொப்பியோட போச்சு, அப்ப அதுக்கு எதுக்குத் தண்டன என்று கேட்டாள். நான் தட்டை ஒதுக்கிவிட்டு உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். ஐம்பது வயசில், ஒரு முழம் துணி குறைந்தால் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவள், இதைக் காணவில்லை பார். உன்னைக் கண்டதும் ஒரு நொடியில் குழலை வானத்துக்குத் தூக்கியிருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்ததை நீ மறந்தாய், அவள் மறக்கவில்லை. என் மகனை எனக்கு மிச்சம் வைத்தவள் நாய்க்கூடு கழுவுகிறாள்.

மறுநாள் காலை கொட்டும் மழையில் சைக்கா வண்டி பிடித்துப் பீர் முகைதீன் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கினேன். என்ன லாத்தா, லுங்கிக்கு வெலையத் தப்பாப் போட்டு எழுதிட்டீங்களா, நீங்க போட்ட வெலைய நீங்களே திருப்பி எடுத்து நான் பாத்ததில்லையே என்று சிரித்தார். ஆமா, தப்பாத்தான் போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் பள்ளிவாசலில் ஹஜ்ரத்தையும் கேட்டேன். உயிரோட கெடச்சா அறுத்துச் சாப்புடட்டும், இல்லாட்டி விட்டுட்டு ரொட்டி தின்னட்டும், கறிக்காகத் துப்பாக்கி முன்னால ஓடச் சொன்னது யாரும்மா என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன், நான்தான்.

ஆகையால் இப்படிச் செய். முகாம் தலைவரிடம் தனியாகப் போகாதே, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவள் காதில் விழ, நான் சட்டத்தை மீறி முன்னால் ஓடினேன், இவள் குழலைத் தூக்கியதால் நான் பிழைத்தேன் என்று சொல். காரணம் கேட்டால் என் உம்மா எழுதியதை நம்பி ஓடினேன் என்று தாராளமாகச் சொல், அது நடந்ததுதானே. ஆனால் உம்மா பேரைச் சொல்லி உன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதே. அவளுடைய தாய்க்கும் நான் ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் எழுதிக்கொடு. வேலை போனால் போகட்டும். கல்லூரி உதவியும் போனால் கடிதம் போடு, நான் இரண்டு கையோடு கடை நடத்துகிறேன், ஏதாவது வழி பார்ப்பேன். அதுவும் முடியாது போனால் வந்துவிடு, பர்மாவில் லுங்கி கட்டாத ஆள் இல்லை. சொன்ன பிறகும் வேலையில் வைத்துக்கொண்டால் பறவைக்கறி வேண்டாம், முட்டையும் ரொட்டியும் தின்று நாளைத் தள்ளு, இனி சாப்பாட்டைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினாலும் ஓடாதே.

வாப்பா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கி வந்தது அவர்தான். ஆண்டவன் உனக்கும், பெற்றவர்கள் கண்முன்னே அந்தப் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் தெளிந்த மனசும் தரட்டும். கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே போ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போ. வயிறு நிறைந்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும், எனக்குத் தெரியும்.

துஆவுடன்,
உன் உம்மா
சுல்தான் பீவி