கூடாரத்தில் இரண்டாவது கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

பயண அலுவலகத்துப் பெண் அனுப்பிய திட்டத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். நான்கு எழுத்துப் பிழைகள். ஒரே நாளுக்கு இரண்டு தேதி. "இது சும்மா ஒரு மாதிரிதான் மேடம்" என்கிறாள். மாதிரியில் மட்டும் தப்பு இருக்கலாமா? சிவப்பு மையில் திருத்தியதுதான் கொஞ்சம் அதிகப்படி. கான்வென்ட்டில் மதர் எங்களுக்கு அப்படித்தான் திருத்துவார். எழுபத்தேழு வயதில் கை மாறாது.

ஆகஸ்ட் கடைசி வாரம், ஆப்பிரிக்காவின் தெற்கு. ஒன்பது நாள், அதில் ஆறு நாள் ஆற்றங்கரைக் கூடார முகாம். மிருகங்களைப் பார்க்க விடிகாலை ஐந்தரைக்கு ஒரு வண்டி, மாலை நாலு மணிக்கு ஒரு வண்டி. இடையில் ஓய்வு. ஒழுங்காக நடத்துகிறார்கள் போலிருக்கிறது.

என் கணவருடைய பழுப்புக் கோப்பில் இருக்கும் அதே முகாம். இருபது வருடம் சேர்த்த தாள்கள். ஓரத்தில் பென்சிலில் அவர் எழுத்து: 'ஆகஸ்ட் நல்லது. காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடும். யானைகள் ஆற்றுக்கு வந்தே ஆக வேண்டும்.' ஒவ்வொரு வருடமும் நான்தான் அடுத்த வருடம் என்றேன். ஆஸ்பத்திரியில் நர்சுகள் போதவில்லை, வார்டுகளை யாரிடம் விட்டுப் போவது என்பேன். அவர் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. வார்டுகள் நான் இல்லாமல் நன்றாகவே நடக்கின்றன.

மார்ச் 11, செவ்வாய்

அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். முகாமில் ஒரு விதி இருக்கிறதாம்.

"வேலி கிடையாது மேடம். மிருகம் கூடாரத்தை ஒட்டியே நடக்கும். எழுபத்தஞ்சு தாண்டினவங்களைத் தனியாப் படுக்க விடமாட்டாங்க. இரண்டாவது கட்டில்ல துணைக்கு ஒருத்தர் இருந்தாகணும்."

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அதில் பன்னிரண்டு வருடம் நர்சிங் சூப்பரின்டெண்ட் என்று சொன்னேன்.

"யானைக்கு அது தெரியாதே மேடம்."

சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் மேலே வாதாடவில்லை. விதி என்றால் விதி. எனக்காக ஒரு விதியைத் தளர்த்தச் சொல்லி யாரையும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டவர்களுக்குத் தளர்த்தியதும் இல்லை.

மார்ச் 12, புதன்

மகனால் வர முடியாதாம். மருமகளுக்கும் லீவு இல்லை. "விட்டுடுங்கம்மா. டிவியில இதைவிடப் பக்கத்துல காட்டுறான்." அவன் அப்பாவிடமும் இதையேதான் சொன்னான்.

மார்ச் 20, வியாழன்

பயண அலுவலகம் ஒரு துணையைத் தேடி அனுப்பியது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. நல்ல குடும்பம், நல்ல ஆரோக்கியம். வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் என் சுவரில் படம் கோணலாக இருப்பதைச் சொன்னார். உண்மைதான், கோணல்தான். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூடாரமா? சிங்கம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

மறுத்துவிட்டேன். அவர் போன பிறகு படத்தை நேராக்கினேன்.

மார்ச் 22, சனி

ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்க மாட்டேன்.

மார்ச் 29, சனி

இன்றோடு மூன்று வருடம். எழுதிவிடுகிறேன்.

அந்த ஒருத்தி என் நாத்தனார். அவருக்கு ஒரே தங்கை. சின்ன வயதில் அண்ணன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவாளாம். அதனால் அவர் வைத்த பெயர் வால். எழுபது வயதிலும் அவருக்கு அவள் வால்தான். நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவரைக் கடைசி இரண்டு மாதம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். அறைக் கதவில் அட்டை மாட்டியிருந்தேன்: 'பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 5 வரை.' ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் கையெழுத்தில். வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பேச வைத்தே களைத்துப்போகச் செய்தார்கள். வேறென்ன செய்வது?

அன்று அவள் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து இரண்டு மணிக்கு வாசலில் நின்றாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "நாலு மணிக்குப் பார்க்கலாம். இப்படி உட்கார்" என்றேன். பையை மடியிலேயே வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மூன்று நாற்பதுக்கு நாடி பார்க்க உள்ளே போனேன். நாடி இல்லை.

கத்தவில்லை அவள். அழவும் இல்லை அப்போது. "இருபது நிமிஷம், அண்ணி" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

தூங்கும் நோயாளியைப் பார்வையாளருக்காக எழுப்பக் கூடாது. எத்தனை நர்சுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் செய்தது சரி. சரிதானே?

ஏப்ரல் 3, வியாழன்

பேசினேன். மூன்று தடவை ரிசீவரை எடுத்து வைத்த பிறகு.

முகாம், விதி, இரண்டாவது கட்டில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருந்தது, எனக்கே.

"ஓ, கட்டில் காலியா இருக்கு, ஆள் வேணும். அதுக்குத்தான் என் ஞாபகம் வந்துச்சா?"

"அவர் போக நினைத்த இடம். உனக்கும் தெரியும்."

"உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் அண்ணி. எங்க வீட்டுக் கொல்லையில நான் யானை, அவர் பாகன். என் முதுகு இன்னும் வலிக்குது." சிரித்தாளா, இல்லையா, தெரியவில்லை. பிறகு குரல் மாறியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அண்ணன் என்னைக் கேட்டாரா?"

இல்லை, காலையிலிருந்தே தூக்கம்தான் என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

பொய். ஒரு மணிக்கு மருந்து கொடுக்கும்போது கேட்டார். "வால் வந்துட்டாளா?" என்றார். வருவா, நீங்க தூங்குங்கன்னு சொன்னேன். கதவைப் பார்த்துக்கிட்டேதான் தூங்கினார்.

ஏன் சொன்னேன் அந்தப் பொய்யை? அவளுக்கு வலிக்கும் என்றா? இல்லை — எனக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

தப்பு தெரிந்த பிறகு திருத்தாமல் விடக் கூடாது. காலை எட்டரை பஸ்ஸில் கிளம்பினேன். அவள் வீடு போய்ச் சேர ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. அவள் மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அத்தை! நீங்களா? அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்க. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

முன்னறையில் உட்கார்ந்தேன். பை மடியில். எதிரே ஒரு கடிகாரம். ஒரு மணி பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. உள்ளே தூங்குகிறவள் எழுந்து வரப் போகிறாள் என்று தெரிந்தே இவ்வளவு நீளம்.

தலைமுடி கலைந்து வந்து நின்றாள். நான் எழுந்து நின்றேன். முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

"நான் போனில் சொன்னது பொய். உன்னைக் கேட்டார். ஒரு மணிக்கு. வால் வந்துட்டாளான்னு கேட்டார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு வருஷமா இதை வச்சிருந்தீங்களா?" என்றாள்.

"ஆமாம்."

"எப்படி அண்ணி தூங்கினீங்க?"

மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. படித்த பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல எத்தனை முறை பழக்கினார்கள். கடைசி பஸ்ஸுக்கு அவள் மகள் கொண்டுவந்து விட்டாள். நாத்தனார் வாசலுக்கு வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பயண அலுவலகம் முடிவு கேட்கிறது. வெள்ளிக்கிழமை ரத்து செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். கோப்பைப் பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

காலை ஏழு மணிக்கு போன். முகமன் கிடையாது.

"எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே, அண்ணி. எத்தனை போட்டோ வேணும்?"

நாற்காலியில் ஏறிக் கோப்பை இறக்கினேன். மகனுக்குத் தெரிய வேண்டாம், நாற்காலியில் ஏறியது.

ஜூன் 18, புதன்

சின்ன விமானம். ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப்பை. கறுப்பும் கருநீலமும் கூடாது, ஒருவகை ஈ மொய்க்குமாம். பட்டியல் எழுதி அவளுக்கு அனுப்பினேன். "என் புடவையெல்லாம் நீலம். ஈக்கும் என் ரசனைதான் போல" என்கிறாள். சர்க்கரை மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை என் பையில் வைக்கச் சொன்னேன். "சிங்கம் என்னைத் தின்னா அதுக்கும் சேர்த்து மாத்திரை வைங்க."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். அண்ணனைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

கதவில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. கழற்றப் போனேன். முடியவில்லை. தூசியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய். முகாம்

மூன்றாவது நாள். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலை வண்டியில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, தூரத்தில் முதுகு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று. யானை இல்லை. நேற்றும் இல்லை. அவர் கணக்கு தப்போ என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் இரண்டாவது கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். நான் வெளியே மரப்பலகை மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆற்றுக்கு நாற்பது அடி தூரம்கூட இல்லை.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்புகள் சத்தமில்லாமல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலில் ஒன்று. பிறகு பின்னாலேயே ஆறு. கடைசியில் வந்த குட்டி முன்னால் போவதன் வாலைத் தும்பிக்கையால் தொட்டுத் தொட்டு வந்தது. நடைபாதையில் நின்ற முகாம் ஊழியர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

மணி பார்த்தேன். இரண்டு இருபது.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நாளைக்கும் வரும். அவளுக்கு நேற்றெல்லாம் கால் வலி, தூங்கட்டும். இப்படியெல்லாம் எனக்குள் ஒருத்தி வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

உள்ளே போனேன். காலைத் தொட்டேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வால், எழுந்திரு."

கண் திறந்து, யார் கூப்பிட்டது என்பது போலக் கூடாரம் முழுக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாலு மணி ஆயிடுச்சா, அண்ணி?"

"ஆகல. நீ வா."

கண்ணாடிகூடப் போடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யானைகள் ஐந்தரை வரை அங்கேயே இருந்தன. நாலு மணி வண்டிக்கு நாங்கள் போகவில்லை.