பாலர் பள்ளிக் கேட்டின் மூலைகள்

மச்சான்,

இன்று காலை மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை, நெருப்பால் உருக்கி வெட்டும் பிளாஸ்மா மெஷினில் வெட்டினேன். புகை அடங்குவதற்குள் திருப்பிப் பார்த்தேன். நேர்க்கோடுகளெல்லாம் சுத்தம். மூலைகளின் அடியில் மட்டும் உருகிய இரும்பு வழிந்து, கசடாக ஒட்டியிருந்தது. அந்தக் கருகிய வாடை மூக்கில் ஏறியதும் உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அக்காவை நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுங்கை சோ ஊரில் நாம் இருவரும் சேர்ந்து பட்டறை போட்ட பிறகும் அப்படித்தான். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பீர்கள். உங்களையே உட்கார வைத்தது உலு யாம் ஊர்ப் பாலர் பள்ளியின் கேட்.

சதுரச் சதுரமாக ஓட்டைகள் வெட்டி நாம் மாட்டிய கேட். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பள்ளி டீச்சர் போன் செய்தார். ஓட்டைக்குள் கை விட்ட ஒரு பெண்பிள்ளையின் விரலைக் கசடு கிழித்துவிட்டது. அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தகடு சூட்டில் வளைந்துவிடும் என்று மூலைகளில் கிரைண்டரை லேசாகத்தான் ஓட்டியிருந்தோம்.

நீங்கள் உடனே போய்க் கேட்டைக் கழற்றி லோரியில் பட்டறைக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள். போனில் சொன்னீர்கள்:

"ரோட்டுல கல்லு லோரி ஓடுது மாப்பிள்ள, பிள்ளைங்க வெளிய ஓடிரும். நீ புதுசு வெட்டிக் கொண்டா. அதுவரைக்கும் நான் இங்கதான்."

வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து, டீச்சர் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தது உடம்புதான். என் போன் ஓயவில்லை.

"என்ன ஆச்சு?"

"இன்னும் ஒட்டுது மச்சான். மூலையில திரும்பறப்ப மெஷின் ஸ்லோ ஆவுது. நெருப்பு அங்கயே நிக்குது, சூடு ஏறிப்போவுது."

"கரண்ட்ட கொற. சின்ன நோசல மாட்டிப் பாரு."

பார்த்தேன். கசடு குறைந்தது, போகவில்லை. கேட்டின் வெளி மூலைகளில் வெட்டுக்கோட்டை மூலையைத் தாண்டி ஓடவிட்டு, கழிவுத் தகட்டில் ஒரு வட்டமடித்துத் திரும்பவைத்தேன். வேகம் குறையாததால் சுத்தமாக வந்தது. ஓட்டைகளில் அது முடியாது. தாண்டினால் கேட்டையே வெட்டிவிடும்.

"ஓட்டை மூலைய கொஞ்சம் வட்டமா வளச்சிடறேன் மச்சான். மெஷின் நிக்காம ஓடிரும்."

சதுரம் என்றால் சதுரமாக இருக்க வேண்டும் என்று என்னோடு எத்தனை முறை சண்டை போட்டவர் நீங்கள்! போனில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"வளச்சிடு லா," என்றீர்கள் கடைசியில். "பிள்ளைங்க கை போற எடம்."

மறுநாள் மதியம் புதுக் கேட்டை மாட்டினோம். விரலில் கட்டுப் போட்டிருந்த பிள்ளை அந்தப் பக்கம் நின்று, ஓட்டை வழியாக உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிரித்தீர்கள். ஆனால் பாதி வழியில் லோரியைத் திருப்பச் சொல்லி, மறுபடி போய் எல்லா ஓட்டைகளையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தீர்கள் என்று சொல்லி அக்கா அழுதாள்.

அந்தத் தவிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது, மச்சான். போன வாரம் கெர்லிங் ஊரில், நாம் கேட் செய்து கொடுத்த ஒரு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"யாரப் பாக்கணும் தம்பி?"

"யாரையும் இல்லண்ணே. கேட்டதான் பாக்க வந்தேன்."

புரியாமல் நின்றார். நான் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.